மடத்து மந்தை

ஜம்பால் தலைவர் நீலப் பட்டுத் துண்டை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி கூடாரத்துக்குள் நுழைந்தபோது, துல்மா அடுப்பில் காய்ந்த சாணத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கூடாரத்து வாசல் தாழ்வானது. யார் வந்தாலும் குனிந்துதான் வரவேண்டும். ஆனால் உள்ளே வந்த பிறகும் அவர் நிமிராமல் நின்றதுதான் அவளுக்கு உறுத்தியது. எத்தனையோ வருஷமாகக் கூட்டுப்பண்ணைக்குத் தலைவராக இருந்த மனிதர். அந்தக் கழுத்து முன்பக்கமாகவும் வளையும் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"வாங்க தலைவரே, வாங்க," என்று அவள் புருஷன் கோம்போ எழுந்து, வடக்குப் பக்கத்து நல்ல இடத்தில் கம்பளத்தைத் தட்டிப் போட்டான்.

"இனிமே தலைவர்னு கூப்பிடாதேப்பா. பண்ணையே போயிடுச்சு, தலைவன் ஏது?" ஜம்பால் உட்கார்ந்து உப்புத் தேநீரை வாங்கிக்கொண்டார். மரியாதைக்குக் கொடுக்கிற அந்தப் பட்டுத் துண்டைக் கோம்போவின் கையில் வைத்தார். "நம்ம ஊர்ல மறுபடியும் மடம் வரப்போகுது. அதுக்கு உங்க ரெண்டு பேர் கையும் வேணும்."

கோம்போவின் கண் கலங்கிவிட்டது. துல்மாவுக்கு எரிச்சல் வந்தது. இதே கோம்போ பண்ணை லாரி ஓட்டிய காலத்தில், இருக்கைக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புத்தர் படம் வைத்திருந்தான். அதைக் கண்டுபிடித்துக் கூட்டத்தில் நிற்க வைத்து, மூடநம்பிக்கை பிடித்தவன் என்று திட்டி, லாரிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுக்க அவனைத் தொழுவம் வார வைத்தவர் இதே ஜம்பால்தான். அந்தக் குளிரில் அவன் இரண்டு கால்விரல்களில் உணர்ச்சி போனது. இன்னும் திரும்பவில்லை.

ஜம்பால் விஷயத்துக்கு வந்தார். பழைய மடத்துக்குச் சொந்தமாக மந்தை இருந்தது. படைவீரர்கள் வந்து லாமாக்களைப் பிடித்துக்கொண்டு போன காலத்தில் அரசாங்கம் அந்த மந்தையையும் எடுத்துக்கொண்டது. பிறகு அது கூட்டுப்பண்ணைக்கு வந்து சேர்ந்தது. இப்போது பண்ணையைக் கலைத்துக் குடும்பங்களுக்கு ஆடுமாடு பிரிக்கப்போகிறார்கள். அதற்கு முன்னால் மடத்துப் பங்கைத் தனியாக எடுத்து வைக்கவேண்டும். இல்லையென்றால் எல்லோரும் சாமி சொத்தைத் தின்றவர்கள் ஆவோம்.

அதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் துல்மாவுக்குப் பயமாக இருந்தது. ஜம்பால் வாயிலிருந்து இத்தனை உண்மை ஒன்றாக வந்து அவள் கேட்டதில்லை.

"மந்தை யாரு பேர்ல இருக்கும்?" என்று கேட்டாள்.

"மடத்துப் பேர்ல."

"மடத்துக்கு யாரு?"

"லாமா."

"லாமா யாரு?"

ஜம்பால் சிரித்தார். "டாக்டரம்மா, ஆட்டு வாயைத் திறந்து பல்லு பாத்துப் பாத்து உங்களுக்கு மனுஷன் வாயையும் அப்படியே பாக்கத் தோணுது. லாமா வருவாரு. நல்ல ஆடா பாத்துப் பிரிச்சுத் தர்ற வேலை உங்களுது. நோய் பட்டதை மடத்துக்குக் கொடுத்தா பாவம்."

அவர் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போன பிறகு கோம்போ அந்தத் துண்டைப் பெட்டிமேல் விரித்து வைத்தான்.

"இவன் எப்ப சாமி கும்பிட ஆரம்பிச்சான்?" என்றாள் துல்மா.

"மனுஷன் மாறக்கூடாதா?"

"மாறலாம். போன வருஷம் வரைக்கும் கட்சிப் பாடம் எடுத்தவன், இந்த வருஷம் பட்டுத் துண்டோட வர்றான். நடுவுல ஒரு நாளாவது வெறும் மனுஷனா இருந்தானா?"

"நீ ரஷ்யாவுல, இர்கூத்ஸ்க்ல படிச்சுட்டு வந்ததுலேர்ந்து இப்படித்தான். எதையும் நம்பமாட்ட."

"நான் அங்க மாட்டு வைத்தியம்தான் படிச்சேன். நம்பாம இருக்கறது இங்கயே கத்துக்கிட்டது."

கோம்போ போய்க் குதிரைக்குத் தண்ணீர் காட்டினான். கோபம் வந்தால் அவன் செய்வது அதுதான்.

கூட்டம் பண்ணையின் பழைய மன்றத்தில் நடந்தது. சுவரில் கட்சித் தலைவர்களின் படங்கள் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுத்துக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ரேஷன் மாவு சுருங்கிப்போன, சோப்புக்கட்டி கிடைக்காத வருஷம் அது. ரஷ்யர்கள் போய்விட்டார்கள். அவர்கள் சாமான்கள் வந்த ரயில் இப்போது பாதி காலியாக ஓடியது. யாருக்கும் நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியவில்லை. ஆனால் ஜம்பாலுக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. அதனாலேயே எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். மடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு என்றார். ஒத்துக்கொள்பவர்கள் கை தூக்கலாம் என்றார். எல்லாக் கைகளும் எழுந்தன. துல்மாவின் கையும் அவளைக் கேட்காமலே பாதி எழுந்துவிட்டது. அவள் அதைப் பிடித்துத் தேல் அங்கியின் நீண்ட கைக்குள் இழுத்துக்கொண்டாள்.

பிறகு ஜம்பால் லாமாவை அழைத்தார். பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தவர் சோய்ஜில். பள்ளிக்கூடத்துக் கொதிகலன் அறையில் நிலக்கரி தள்ளுகிற கிழவர். புதுச் சிவப்பு அங்கி போட்டிருந்தார். கழுத்து மடிப்பில் மட்டும் கரி போகவில்லை. சிறுவயதில் அவர் மடத்தில் இருந்தவர் என்பதும், படைவீரர்கள் வந்த அன்றைக்குத் தப்பினவர் என்பதும் ஊரில் பலருக்குக் காதில் விழுந்த சேதி. பார்த்த ஆள் யாரும் உயிரோடு இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஓத ஆரம்பித்தார். குரல் கனமாக, அடிவயிற்றிலிருந்து வந்தது. பெண்கள் அழுதார்கள். ஐம்பது வருஷத்துக்கும் மேல் யாரும் வாய்விட்டு ஓதாத ஊர் அது.

மடத்துப் பங்குக்கு ஆடுகளைப் பிரித்துக் கொடுத்தது துல்மாதான். நல்ல ஆடுகளைத்தான் கொடுத்தாள். சந்தேகம் மனுஷன் மேல் இருக்கும்போது ஆட்டில் ஏமாற்ற அவளுக்கு மனம் வரவில்லை. மந்தையை மேய்க்க ஜம்பால் வெளி மாவட்டத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார். நம் ஊரில் மேய்ப்பனுக்கா பஞ்சம் என்று அவள் கோம்போவிடம் கேட்டாள். சாமி ஆட்டை உள்ளூர்க்காரன் மேய்த்தால் உறவுக்காரனுக்கு ஒன்று அறுத்துக் கொடுப்பான், அதனால்தான் என்று ஜம்பால் சொன்னதையே கோம்போ திருப்பிச் சொன்னான்.

கோடை முழுக்க சோய்ஜில் கூடாரம் கூடாரமாகப் போனார். பக்கத்துக் கூடாரத்து ஹந்தா அக்காவின் மகன் பட்டாளத்தில் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பெட்டியைத் திறக்கக்கூடாது என்று சொல்லித்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவள் ராத்திரியில் வெளியே வந்து நிற்பாள். சோய்ஜில் வந்து ஒரு பகல் முழுக்க ஓதினார். அதற்குப் பிறகு ஹந்தா தூங்கினாள். மறுநாள் அவளே வந்து, "துல்மா, பொழுது விடிஞ்சது எனக்குத் தெரியல," என்றாள், ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி.

துல்மாவுக்குக் காது கூர்மை. ஆட்டு நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுப் பழகின காது. ஹந்தா வீட்டில் ஓதினதையும், அதற்குப் பிறகு ஒரு பிள்ளை பிறந்த கூடாரத்தில் ஓதினதையும், மழை வேண்டி மேட்டில் கல்குவியலைச் சுற்றி ஓதினதையும் அவள் கேட்டாள். சொல் புரியாவிட்டாலும் ஏற்ற இறக்கம் புரிந்தது. மூன்றும் ஒன்று. வேகமாகவோ மெதுவாகவோ, அதே ஓட்டம், அதே இடத்தில் மூச்சு.

சோய்ஜிலின் பசுவுக்கு மடி வீங்கியிருக்கிறது என்று ஆள் வந்தபோது அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பின்புறம் போனாள். ஊசி போட்டு மடியைப் பிழிந்துவிட்டாள். பசு உதைக்காமல் இருக்கக் கிழவர் அதன் நெற்றியில் கை வைத்து ஓத ஆரம்பித்தார். துல்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மாட்டுக்கும் அதேதானா ஐயா?"

கிழவர் நிறுத்தினார்.

"செத்ததுக்கு அது, பிறந்ததுக்கு அது, மழைக்கு அது. இப்ப மடிவீக்கத்துக்கும் அது. என்ன மந்திரம் அது?"

பசுவின் நெற்றியிலிருந்து கையை எடுத்தார். "உனக்குக் காது நல்லாக் கேக்குது பொண்ணே. அது சாப்பாட்டுக்கு முன்னாடி சொல்றது."

"என்னது?"

"கஞ்சி குடிக்கறதுக்கு முன்னாடி லாமாங்க வரிசையா உக்காந்து சொல்வாங்க. நான் சமையக்கட்டுல அண்டா கழுவினவன். அண்டாவுக்குள்ள எறங்கித்தான் கழுவணும், அவ்வளவு பெரிசு. எப்படா முடிப்பாங்க, மிச்சக் கஞ்சி எப்படா நமக்கு வரும்னு கதவுக்குப் பின்னாடி நிப்பேன். அதனாலதான் அது மட்டும் மனசுல நின்னுடுச்சு. மத்ததெல்லாம் பெரிய மண்டபத்துல ஓதுவாங்க. சமையக்கட்டுக்குக் கேக்காது."

"அப்ப நீங்க லாமாவே இல்ல."

"ஜம்பால் சாராயத்தோட வந்தான். நீ மடத்துல இருந்தவன்தானே, இன்னிக்கிலேர்ந்து நீதான் லாமான்னான். நான் சமையக்கட்டுல இருந்தேன்டான்னேன். அதுவும் மதிலுக்கு உள்ளதானேன்னான்."

"இதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க?"

"நீதான் கேட்ட. வேற யாரும் கேக்கல."

துல்மா பெட்டியை மூடிக்கொண்டு நடந்தாள். வழியெல்லாம் மனசு அரித்தது. கேட்டவுடன் உண்மையைச் சொல்கிற ஆளை அவள் இதுவரை பார்த்ததில்லை. அப்படிச் சொல்கிறவன் அதைவிடப் பெரிதாக எதையோ மறைக்கிறான் என்றுதான் அவளுக்குப் பட்டது. ஜம்பாலும் கிழவனும் கூட்டு; சின்னப் பொய்யை ஒப்புக்கொண்டு பெரிய பொய்க்கு என்னையும் உடந்தையாக்கப் பார்க்கிறார்கள். ஊரைக் கூட்டிச் சொல்லிவிடலாமா? சொன்னால் ஹந்தா அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? தன் பிள்ளைக்கு ஓதினது கஞ்சிப் பாட்டு என்று தெரிந்தால் அவள் மறுபடி ராத்திரியில் வெளியே வந்து நிற்பாள். துல்மா வாயை மூடிக்கொண்டாள். கோம்போவிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லாததற்காகத் தன்மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது.

புல் மஞ்சளாகி முதல் உறைபனி விழுந்த சமயம் ஹந்தா தேநீர் குடிக்க வந்தாள்.

"மடத்து மந்தையை ஓட்டிட்டுப் போறாங்க பாத்தியா? குளிர்காலத்து எடத்துக்காம். நேத்து பழைய கிணத்துக்கிட்ட பாத்தேன்."

"எந்தப் பழைய கிணறு?"

"கெழக்கால, தூந்துபோன கிணறு."

துல்மாவின் கையில் அகப்பை நின்றது. குளிர்காலத்துக்கு யாரும் கிழக்கே போகமாட்டார்கள். மேற்கே மலை இருக்கிறது, காற்றை மறைக்கும். கிழக்கே வெட்டவெளி. புல் கிடையாது, மறைவு கிடையாது. கிழக்கே இருப்பது ரயில் பாதை ஒன்றுதான்.

"லாமா எங்க அக்கா?"

"அவரும் கூடத்தான் போனாரு. ஜம்பால் லாரியில முன்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனான். பாவம், வயசான காலத்துல சாமி ஆட்டை விட்டுப் பிரிய மனசில்ல போல."

"பங்கை விட்டுப் பிரிய மனசில்ல," என்றாள் துல்மா. ஹந்தாவுக்கு அது புரியவில்லை.

கோம்போ மோட்டார் சைக்கிளை எடுக்க மறுத்தான். "எங்கேயோ ஓட்டிட்டுப் போறாங்க, நமக்கென்ன? அவங்களுக்குத் தெரியாதா?"

"உன் அம்மா பேர்ல ஒரு செம்மறி கொடுத்தியே, அது மடத்துக்கா கொடுத்த, கசாப்புக்கா?"

"வாயைக் கழுவு."

"வா, போய்ப் பாப்போம். மந்தை நல்லபடியா மேஞ்சுகிட்டு இருந்தா அங்கேயே அவர் கால்ல விழுந்து மன்னிப்பு கேக்கறேன். திரும்பி வந்து ஒரு வருஷம் உன்னை ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அந்த இரண்டாவது பேச்சுக்காகவே கோம்போ வண்டியைக் கிளப்பினான். வழி நெடுக ஆட்டுக்குளம்பின் தடம் அகலமாக, நேராக, கிழக்கே போய்க்கொண்டிருந்தது. மேய்ந்துகொண்டே போகிற மந்தையின் தடம் அப்படி இருக்காது. இங்கும் அங்கும் சிதறும். இது அடித்து ஓட்டின தடம். பழைய கிணற்றைத் தாண்டினதும் கோம்போவே அதைக் கவனித்தான். வேகத்தைக் கூட்டினான்.

ரயில் நின்று போகிற அந்த இடத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியும், கம்பி வேலி போட்ட பட்டியும், இரண்டு செங்கல் வீடுகளும்தான் உண்டு. பக்கப் பாதையில் சரக்குப் பெட்டிகள் நின்றன. பட்டி நிறைய ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. தோல் மேலங்கி போட்ட ஒரு வியாபாரி, தெற்கே எல்லை தாண்டி வந்தவன், சிகரெட்டைக் கீழே போட்டு மிதிப்பதும் அடுத்ததைப் பற்ற வைப்பதுமாக இருந்தான்.

துல்மா எதிர்பார்த்தது ஜம்பாலும் கிழவரும் உட்கார்ந்து சாராயம் குடித்துக்கொண்டிருப்பதை. அவள் கண்டது வேறு. பெட்டிக்குள் ஆடு ஏறுவதற்காகச் சாய்த்து வைத்த பலகையின் நடுவில் சோய்ஜில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தார். வெளி மாவட்டத்து மேய்ப்பர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி தள்ளி நின்றார்கள். ஜம்பால் பலகையின் கீழே மண்டியிட்டு, "ஐயா, எழுந்திருங்க ஐயா, பேசித் தீத்துக்கலாம்," என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது?" என்று கோம்போ தானும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒரு மேய்ப்பனைக் கேட்டான்.

"மந்தை கெளம்பறப்ப லாமா ஓதினாத்தான் நாங்க ஓட்டுவோம்னு சொன்னோம். அதனால கூட்டிட்டு வந்தாரு. இங்க வந்து பெட்டியைப் பாத்ததும் பெரியவர் எறங்கிப் போயி உக்காந்துட்டாரு. நாங்க வர்றதுக்கு முன்னாடியே லாரியில கொஞ்சம் ஆட்டைக் கொண்டுவந்து ஒரு பெட்டி ஏத்தி அனுப்பியாச்சாம். அதுக்கு மேல ஒரு ஆட்டை ஏத்தினாக்கூட ஏத்தினவன் வம்சத்துக்கு ஆகாதுன்னு சொல்லிட்டாரு. நான் தொடமாட்டேன்பா. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

"கூலி ரெண்டு மடங்கு தர்றேன்!" என்று வியாபாரி கத்தினான். அவன் மொழி பாதி புரிந்தது. விரலைக் காட்டியதில் மீதி புரிந்தது. யாரும் நகரவில்லை.

ஜம்பால் துல்மாவைப் பார்த்தார். முதலில் முகம் செத்தது. அடுத்த கணமே எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு அவளிடம் வேகமாக வந்தார். கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"டாக்டரம்மா, நல்ல நேரத்துல வந்தீங்க. இந்த ஆள் யாருன்னு உங்களுக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்லிட்டேன்னு அவனே எங்கிட்ட சொன்னான். போயி இவங்ககிட்ட சொல்லுங்க. இவன் லாமா இல்ல, அண்டா கழுவினவன்னு. நீங்க சொன்னா நம்புவாங்க. நீங்க எதையும் நம்பாதவங்கன்னு ஊருக்கே தெரியும்."

"ஆடு எங்க போகுது?"

"குளிர் வருது. பனி அடிச்சா பாதி செத்துடும். வித்துக் காசாக்கி வச்சா மடம் கட்டலாம். செங்கல், மரம், எல்லாம் வேணும்ல?"

"ஊர்க் கூட்டத்துல சொன்னீங்களா?"

"சொன்னா ஒத்துக்குவாங்களா? ஜனங்களுக்கு என்ன தெரியும்?" அவர் குரலில் பழைய தலைவர் எட்டிப் பார்த்தார். உடனே அதை விழுங்கிவிட்டு, "நீங்க உண்மையைத்தானே சொல்லப்போறீங்க. பொய் சொல்லச் சொல்லலையே," என்றார்.

அது சரிதான். ஒரு கோடைகாலம் முழுக்க அவள் நாக்கு நுனியில் வைத்திருந்த உண்மை. அதைச் சொல்லும்படி இந்த மனிதர் இப்போது கெஞ்சுகிறார். துல்மா தொட்டியின் ஓரமாக எட்டிப் பார்த்தாள். கிழவர் ஓதிக்கொண்டே இருந்தார். தொண்டை கட்டிவிட்டது, குரல் கரகரத்தது. கஞ்சிப் பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. இவருக்கும் இதில் ஏதோ கணக்கு இருக்கும். பங்கு பேசி ஒத்துவராமல் போயிருக்கும். இருந்தாலும் இருக்கும். ஆனால் ஆடுகள் இன்னும் பட்டிக்குள் இருந்தன.

அவள் கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்தாள். மேய்ப்பர்களுக்கும் கோம்போவுக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் பேசினாள்.

"தலைவரே, இவரை லாமான்னு ஊருக்குக் கூட்டிட்டு வந்தது நீங்க. மன்றத்துல நிக்க வச்சது நீங்க. இவர் பேரைச் சொல்லித்தான் மூணுல ஒரு பங்கு மந்தையை எடுத்தீங்க. இப்ப இவர் சொல்றதுல உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருந்தா, நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்க. நாங்க கேட்டுக்கறோம்."

ஜம்பால் வாயைத் திறந்தார். மேய்ப்பர்களைப் பார்த்தார். இவர் லாமா இல்லை என்றால் மடம் இல்லை. மடம் இல்லை என்றால் அந்த மந்தையை எடுக்க அவர் யார்? அந்தக் கேள்வி அவர் முகத்தில் ஓடியதைத் துல்மா பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது. கோம்போ இரண்டு அடி முன்னால் வந்து அவர் எதிரே நின்றான். கைநீட்டவில்லை, திட்டவும் இல்லை. கையில் இருந்த தொப்பியைப் போட்டுக்கொண்டான், அவ்வளவுதான்.

"பட்டியைத் திறங்கடா," என்று மேய்ப்பர்களிடம் சொன்னான். "மேற்கே திருப்புங்க."

வியாபாரி ஜம்பாலின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தான். அவர்களை அங்கேயே விட்டுவிட்டு மந்தை திரும்பியது. சோய்ஜிலால் எழுந்திருக்க முடியவில்லை, கால் மரத்துவிட்டது. கோம்போ அவரைத் தூக்கி மோட்டார் சைக்கிளின் பக்கப் பெட்டியில் உட்கார வைத்தான். பயபக்தியோடு, கண்ணாடிச் சாமானைத் தூக்குகிற மாதிரி. துல்மா ஒரு மேய்ப்பனின் குதிரையில் ஏறிக்கொண்டாள்.

ஊர் மறுபடி மன்றத்தில் கூடியது. இந்தத் தடவை சோய்ஜில் ஓதவில்லை. "மடத்துக்கு ஆடு வேணாம். அவங்கவங்க ஆட்டை அவங்கவங்க ஓட்டிட்டுப் போங்க," என்று மட்டும் சொன்னார். முதல் பெட்டியில் போன ஆடுகள் போனதுதான். அதற்கு ஜம்பால் வாங்கினது எவ்வளவு, எங்கே வைத்தார் என்று யாருக்கும் கடைசிவரை தெரியவில்லை. பனி அடைக்கும் முன்பே அவர் குடும்பத்தோடு தலைநகரத்துக்குப் போய்விட்டார். அங்கே ஏதோ கம்பெனி வைத்திருக்கிறார் என்றார்கள், புதுக் கட்சியில் சேர்ந்துவிட்டார் என்றார்கள். பழைய கட்சியிலேயே பெரிய ஆளாகிவிட்டார் என்றும் ஒருவர் சொன்னார். எல்லாமே நம்புகிற மாதிரிதான் இருந்தது.

பசுவின் மடியை மறுபடி பார்க்கப் போனபோது துல்மா கிழவரைக் கேட்டாள். "அன்னிக்கு ஏன் அப்படிப் பண்ணீங்க?"

சோய்ஜில் மூக்குப்பொடிக் குப்பியை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி முகர்ந்து திருப்பிக் கொடுத்தாள்.

"லாமாங்களை லாரியில ஏத்தினப்ப இப்படித்தான் ஒரு பலகையைச் சாய்ச்சு வச்சாங்க. வயசானவங்களுக்கு ஏற முடியல. பின்னாலேர்ந்து தள்ளினாங்க. நான் மேலெல்லாம் கரியா இருந்தேன், அதனால என்னை ஒருத்தரும் தொடல. சமையக்கட்டு வாசல்லேர்ந்து பாத்துக்கிட்டு நின்னேன்." குப்பியை மடியில் செருகிக்கொண்டார். "அன்னிக்கு அந்தப் பலகையைப் பாத்ததும் போயி உக்காந்துட்டேன்."

"அவ்வளவுதானா?"

"ஜம்பால் எனக்கு ஒரு இரும்பு அடுப்பு வாங்கித் தர்றேன்னு சொல்லியிருந்தான். வாங்கித் தரல. அந்தக் கோவமும் இருந்துச்சு பொண்ணே. எது எவ்வளவுன்னு கேக்காத. எனக்கே தெரியாது."

துல்மா அவர் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பொய் சொல்கிறவர் முகமாக இல்லை. ஆனால் நிஜம் சொல்கிறவர் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் காட்டித் தந்ததில்லை.

வசந்தத்தில் தலைநகரத்துப் பெரிய மடத்திலிருந்து ஒரு ஜீப் வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட இளம் லாமா இறங்கினார். முறையாகப் படித்தவர், கட்டுக் கட்டாக ஏடுகள் கொண்டுவந்திருந்தார். ஊரே திரண்டு வரவேற்றது. சோய்ஜில் சிவப்பு அங்கியை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, தன்னைப் பற்றிய எல்லாவற்றையும் அவரிடம் தனியாகச் சொல்லிவிட்டார். இளம் லாமா சிரித்தாராம். கோபிக்கவில்லையாம். கிழவர் கொதிகலன் அறைக்கே திரும்பிப் போனார். வயசாகிவிட்டது, ஓய்வெடுக்கிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

புது லாமா அழகாக ஓதினார். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஓதல். துல்மா கேட்டாள், ஒன்றில்கூடத் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. முதல் வாரமே அவர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீங்கதான் மாட்டு டாக்டராமே. இந்த ஊர் மடத்துக்குன்னு எத்தனை ஆடுமாடு இருக்கு?"

"மடத்துக்கா?" துல்மா அவர் கண்ணைப் பார்க்க முயன்றாள். கண்ணாடியில் அவள் முகம்தான் தெரிந்தது. "மடத்துக்கு ஒண்ணும் கெடையாதுங்க."

"பரவாயில்ல. சும்மா கேட்டேன்," என்றார் அவர்.

அன்று சாயங்காலம் ஹந்தா அக்கா ஒரு குடுவைப் பாலை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பின்பக்கமாகப் போவதைத் துல்மா பார்த்தாள். மகனுடைய நினைவு நாள். "புது லாமாகிட்ட போகலையா அக்கா?" என்று கேட்டாள்.

"அவரு நல்லாத்தான் ஓதறாரு," என்றாள் ஹந்தா. "ஆனா எம்பையனுக்கு இவர் குரல்தான் பழக்கம்."

 துல்மா தன் மருந்துப் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு, அவளோடு கொதிகலன் அறை வரைக்கும் நடந்தாள்.